மின்மானியும் மனிதர் அச்சமும்



தில்லியில் நான் குடியிருக்கும் அடுக்கு வீட்டின் மாடிப்படி ஓரத்தில், பதினாறு குடும்பங்களின் மின்மானிகளும் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. பேச்சு வழக்கில் மீட்டர் என்கிறோமே, அவைதாம். சில காலத்திற்கு முன் ஒரு நாள் காலை ஆட்கள் வந்து, பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டிச் சென்றனர். மாதந்தோறும் குறிப்பேட்டுடன் வந்து கணக்கெடுத்த ஊழியர் இனி வரமாட்டார் என்றும், கம்பியின் துணையின்றிப் பெட்டியே கணக்கை அனுப்பிவிடும் என்றும் கூறினர். அன்று மாலை, கீழ் வீட்டில் மகனோடு வசிக்கும் மதுரைப் பக்கத்து அம்மையார் ஒருவர் என்னைப் படியில் நிறுத்தினார். "தம்பி, பேரனுக்குத் தொட்டில் கட்டியிருக்கும் சுவருக்கு மறுபுறந்தான் அந்தப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து கதிர்வீச்சு வருகிறதாமே! பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டார்.

நான் விஞ்ஞானி அல்லேன். சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்த்துக் காலம் கழிப்பவன். 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போவது எளிது. ஆனால், அறியாமல் சொல்லும் ஆறுதல் ஆறுதலாகாது. ஆகவே, இந்த அச்சம் எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்று தேடிப் படிக்கலானேன். அலைகளின் வரலாற்றைத் தேடிப் போன எனக்கு, நம்பிக்கையின் வரலாறே பெரிதும் கிடைத்தது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் மின்மானியின் பிறப்பைக் காண்போம். 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பெர்ல் தெருவில் எடிசன் தமது மின்நிலையத்தைத் தொடங்கினார். வீடுகளுக்கு அளித்த மின்சாரத்தை அளக்க அவர் கையாண்ட கருவி விந்தையானது. ஒரு ஜாடியில் துத்தநாகக் கரைசல். அதனுள் துத்தநாகத் தகடுகள். மின்சாரம் பாயப் பாய ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்கு உலோகம் இடம் மாறும். கம்பெனியின் ஆட்கள் அத்தகடுகளை எடுத்துச் சென்று, தங்கள் நிலையத்தில் நிறுத்துப் பார்த்துக் கணக்கெழுதுவார்கள். பணம் கொடுப்பவனுக்கோ பார்க்க ஒன்றும் இல்லை; கம்பெனி சொன்னதே கணக்கு. கடைக்காரன் தராசைத் திரைக்குப் பின்னே வைத்துக்கொண்டு எடை சொன்னால் வாங்குவோர் மனம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்கள் மனமும் இருந்திருக்கும்.

பின்னர் 1888இல் அமெரிக்காவில் ஷாலன்பெர்கரும், 1889இல் ஹங்கேரியில் பிளாதியும் மாறுதிசை மின்சாரத்திற்கேற்ற மின்மானிகளைச் செய்தனர். அந்த வழியில் வளர்ந்ததே, சுழலும் தட்டும் எண்களும் கொண்டு நம் தாத்தாமார் வீட்டுத் திண்ணையில் தொங்கிய மின்மானி. தட்டு சுழல்வதை எவரும் பார்க்கலாம். விளக்கை அணைத்தால் நிற்பதையும் பார்க்கலாம். தராசு திரைக்கு முன்னே வந்துவிட்டது. ஏறத்தாழ நூறாண்டுகள் இந்தக் கருவியோடு மக்கள் அமைதியாக வாழ்ந்தனர் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

மின்சாரத்தைக் கண்டே அஞ்சிய காலமும் உண்டு. 1891இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகையில் மின்விளக்குகள் அமைந்தபோது, தலைவர் ஹாரிசனும் அவர் துணைவியாரும் விசையைத் தொட அஞ்சினர் என்றும், விளக்கேற்றவும் அணைக்கவும் பணியாளரையே எதிர்பார்த்தனர் என்றும் அம்மாளிகையில் பணிபுரிந்தவர் எழுதி வைத்திருக்கிறார். இதைக் கேட்டு நாம் நகைக்கலாகாது. அதற்கு இரண்டு ஆண்டுகட்கு முன்புதான், நியூயார்க் தெருவில் ஊர் பார்த்திருக்க ஒரு தொழிலாளி மின்கம்பிகளின் நடுவே சிக்கி மாண்டார். காப்பற்ற கம்பிகள் உண்மையிலேயே ஆளைக் கொன்ற காலம் அது. அச்சத்தில் ஒரு பகுதி அறியாமை; மறுபகுதி அனுபவம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே நமக்குள்ள வேலை.

இனி, கம்பியில்லா மின்மானிக்கு வருவோம். இதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிகளுள் நன்கு பதிவானது கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்கே பசிபிக் காஸ் அண்டு எலெக்ட்ரிக் என்னும் கம்பெனி 2006ஆம் ஆண்டு முதல் புதிய மின்மானிகளைப் பொருத்தத் தொடங்கிற்று. அவை ஏறத்தாழ 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பக்கத்து மின்மானிகளோடு செய்தி பரிமாறிக்கொண்டு, கைக்குக் கை மாற்றுவது போலக் கணக்கை அனுப்புவன.

கவனிக்க வேண்டியது யாதெனில், முதற் குறை உடல்நலத்தைப் பற்றி எழவில்லை. கட்டணத்தைப் பற்றியே எழுந்தது. 2009ஆம் ஆண்டுக் கோடையில் பேக்கர்ஸ்பீல்டு வட்டாரத்தார், புதிய கருவி வந்தபின் தங்கள் கட்டணம் ஏறிவிட்டது என்று முறையிட்டனர். மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் வெளியாரைக் கொண்டு ஆராய்ந்தது. 2010 செப்டம்பரில் வந்த அறிக்கை, கருவிகள் சரியாகவே அளக்கின்றன என்றது. வெப்பம் மிகுந்த கோடையும் கட்டண விகித உயர்வும் காரணங்கள் என்றது. அதனோடு, முறையிட்டவர்களைக் கம்பெனி நடத்திய விதம் சரியில்லை என்றும் குறித்தது.

அதே செப்டம்பரில் 9ஆம் நாள், சான் புரூனோ என்னும் ஊரில் இதே கம்பெனியின் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் மாண்டனர். அதற்கும் முன்னால், ஹிங்க்லி என்னும் சிற்றூரின் நிலத்தடி நீரில் குரோமியம் நஞ்சு கலந்த வழக்கில், 1996இல் 33.3 கோடி டாலர் தந்து சமாதானம் செய்துகொண்டதும் இந்தக் கம்பெனியே. இவற்றை அறிந்த மக்களிடம் போய், 'புதிய பெட்டி தீங்கற்றது, எங்களை நம்புங்கள்' என்றால் எளிதில் நம்புவார்களா? போதாக்குறைக்கு, மின்மானித் திட்டத்தின் பொறுப்பாளரே பொய்ப் பெயர் பூண்டு எதிர்ப்பாளர்களின் குழுவில் புகுந்த செய்தி 2010 நவம்பரில் வெளியாகி, அவர் பதவி துறந்தார். கட்டணத்தில் தோன்றிய ஐயம் உடல்நலத்திற்குத் தாவியது. தலைவலி, உறக்கமின்மை, காதில் இரைச்சல் என மக்கள் பலவாறு முறையிட்டனர். மாரின் மாவட்டத்தில் கருவி ஏற்றிவந்த வண்டிகளைப் பெண்கள் மறித்துக் கைதாயினர். 2011 ஜனவரியில் மாரின், சாந்தா குரூஸ் ஆகிய மாவட்ட நிர்வாகங்கள் புதிய மின்மானிகளுக்குத் தற்காலிகத் தடை விதித்தன.

இவ்வேளையில், சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில், கலிபோர்னியா விஞ்ஞான தொழில்நுட்பக் கழகம் இப்பொருளை ஆராய்ந்து 2011இல் அறிக்கை தந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் வரம்பு, அறியப்பட்ட தீங்காகிய சூடேற்றத்திலிருந்து போதிய காப்பளிக்கிறது என்றது. மின்மானியிலிருந்து வரும் அலை, அலைபேசி, நுண்ணலை அடுப்பு முதலியவற்றால் நேர்வதினும் குறைவு என்றது. சூடேற்றமல்லாத வேறு விளைவுகளுக்கு நிலைநாட்டப்பட்ட சான்று இல்லை எனினும், அத்துறையில் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்றும் கூறிற்று.

எண்களைச் சற்றே பாருங்கள். 900 மெகாஹெர்ட்ஸில் அந்நாட்டு வரம்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.6 மில்லிவாட். ஒரு வாட் ஆற்றலை எல்லாத் திசைகளிலும் சமமாக வீசும் ஒரு சாதனத்திலிருந்து ஒரு மீட்டர் தூரம் தள்ளி நின்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.008 மில்லிவாட். இஃது ஓயாமல் வீசினாலும் வரம்பில் எழுபதில் ஒரு பங்கு கூட இல்லை. தூரம் இரு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகும். மேலும், மின்மானி ஓயாமல் வீசுவதில்லை. ஆணையத்தின் உத்தரவுப்படி 2011 நவம்பரில் கம்பெனி தந்த கணக்கின்படி, ஒரு மின்மானி நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 10,000 முறை செய்தி அனுப்புகிறது. ஆயினும் அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 45 விநாடிகளே.

இங்கேதான் கதை கெட்டது. ஒரு நாளில் சில விநாடிகளே வேலை செய்யும் என்று மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு, 10,000 என்ற எண் இடி போல இருந்தது. இரண்டும் மெய்யே. ஆனால் ஒரு பாதி மெய்யை மட்டும் முதலில் சொன்னவன், மறுபாதி வெளிவரும்போது பொய்யனாகவே காட்சியளிப்பான்.

அப்படியாயின், உபாதை அடைந்தோம் என்றவர்கள் பொய்யுரைத்தனரா? இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பில், அவ்வுபாதைகள் மெய்யானவை, சிலரை மிகவும் வருத்துவன என்று ஒப்புக்கொண்டது; ஆனால் அவற்றுக்கு மின்காந்த அலைகளே காரணம் எனக் காட்டும் விஞ்ஞான ஆதாரம் இல்லை என்றது. 2010இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 1,175 பேரை உட்படுத்திய 46 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. அலை உள்ளதா, இல்லையா என்பதைச் சோதிப்பவரும் அறியார், சோதிக்கப்படுபவரும் அறியார். அலை வீசுகிறது என்று எண்ணியபோது பலருக்கு உபாதை தோன்றிற்று, அலை வீசாதபோதுங்கூட. அச்சமே நோயைத் தரவல்லது என்பது இதனால் விளங்கும். நோவு மெய், அதன் காரணம் வேறு.

இனி, என் தொழிலைச் சார்ந்த இரண்டொரு சொற்கள். 2011 மே 31ஆம் நாள், லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ரேடியோ அலைகளை '2பி' என்னும் வகுப்பில் சேர்த்தது. அலைபேசியைத் தலையோடு அணைத்து நெடுங்காலம் பேசுவோரைப் பற்றிய, வரம்புக்குட்பட்ட சான்றே அதற்கு முக்கிய ஆதாரம். அந்நிறுவனத்தின் வகுப்புகள் படிப்படியானவை: முதல் வகுப்பு, 'உண்டாக்கும்', 2ஏ, 'பெரும்பாலும் உண்டாக்கும்', 2பி, 'உண்டாக்குதல் இயலாததன்று'. ஆசிய மரபில் ஊறவைத்த காய்கறிகளும் அதே 2பி வகுப்பில் இருக்கின்றன. ஆனால் நம் மொழிகளில் இம்மூன்றையும் 'புற்றுநோய் உண்டாக்கும்' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுவது எளிதாகிவிட்டது.

'கதிர்வீச்சு' என்னும் சொல்லும் அத்தகையதே. 1945இல் ஹிரோஷிமாவை எரித்ததும் கதிர்வீச்சு. 1986இல் செர்னோபிலில் பரவியதும் கதிர்வீச்சு. நீங்கள் இவ்வுரையைக் கேட்கும் வானொலி அலையும் கதிர்வீச்சு. முன்னவை அணுக்களைச் சிதைத்து மின்னேற்றம் செய்ய வல்லவை. பின்னதற்கு அவ்வாற்றல் இல்லை. ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான் என்பது உண்மை. எனினும் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இந்தப் பழியில் ஒரு பங்கை நான் ஏற்கத்தான் வேண்டும். ஒரு சொல்லைக் கவனமின்றி எழுதினால், எங்கோ ஒரு தாய் தொட்டிலை இடம் மாற்றுகிறாள்.

கலிபோர்னியாவின் கதை எவ்வாறு முடிந்தது? 2012 பிப்ரவரி 1ஆம் நாள் பொதுப் பயன்பாட்டு ஆணையம், வேண்டாதவர்கள் பழைய வகை மின்மானியையே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்குத் தொடக்கத்தில் 75 டாலரும் மாதந்தோறும் 10 டாலரும் கட்ட வேண்டும் என்று அப்போது விதித்தது. வருவாய் குறைந்தோர்க்குத் தொகை குறைவாக இருந்தது. அஞ்சுவதற்கும் விலையா என்று சிலர் சினந்தனர். ஆயினும், வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி திறந்தது. அந்த வழி தொடக்கத்திலேயே திறந்திருந்தால், வண்டிகளை மறிக்க வேண்டியிருந்திராது அன்றோ?

நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்றில், 25 கோடி வீடுகளுக்கும் கடைகளுக்கும் முன்பணம் செலுத்தும் புதிய மின்மானிகளைப் பொருத்த இலக்கு வகுக்கப்பட்டது. அவை பெரும்பாலும் அலைபேசி வலை வழியாகவோ, 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை வழியாகவோ கணக்கை அனுப்புகின்றன. 2024 மே மாதம் வடோதரா நகரில் மக்கள் இவற்றை எதிர்த்தனர். அங்கும் முதற் குறை கட்டணமே. ஐயம் தீரப் பழைய வகை மின்மானியையும் பக்கத்திலேயே பொருத்திக் காட்ட குஜராத் அரசு முன்வந்தது. தராசைத் திரைக்கு முன்னே கொண்டுவரும் அதே பழைய வழி.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மையாரிடம் சொன்னேன். நடுவில் சுவர் இருக்கிறது, தூரம் இருக்கிறது, அளவு வரம்புக்கு மிகமிகக் கீழே இருக்கிறது, தொட்டிலை நகர்த்த வேண்டியதில்லை என்றேன். பேரனை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "சரி தம்பி, மனம் தெளிந்தது. ஆனால் இதை நீங்கள் தேடிப் படித்துச் சொல்லும்படி ஏன் ஆயிற்று? பெட்டியை மாட்ட வந்தவர்கள் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.