கைக்குப் பதில் இரும்பு: 'இரும்புக்கை மாயாவி'யின் முதல் கதை, ஒரு வட ஆர்க்காட்டு மறுவாசிப்பு

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. வெளியிட்டவர் சௌந்தரபாண்டியன், ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். 2022இல் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது. அன்று பத்து வயதில் அந்தப் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்கிடையே மாயாவியைப் பற்றிய வழக்கு ஒன்று ஓயாமல் நடக்கிறது. ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டிக் கூடும் வாசகர் சந்திப்பானாலும், சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கின் முன் நிற்கும் வரிசையானாலும் அந்தப் பேச்சு வந்துவிடும். பிராங்கோ-பெல்ஜியக் கதைகள் வண்ணத்தில் வரும் காலத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைக் கதைகளை மறுபதிப்புச் செய்வது தாளுக்குக் கேடு என்கிறது ஒரு தரப்பு. முத்து காமிக்ஸின் 'மும்மூர்த்தி' நாயகர்களில் முதல்வனைத் தொடாதே என்கிறது மறுதரப்பு.

இந்த இரு தரப்பும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. முதல் கதையில் மாயாவி திருடன். பிற்காலத்தில் உலகைக் காக்கப் போகிறவன் இங்கே கொள்ளையடிக்கிறான், ஊரை மிரட்டுகிறான். எதிர்ப்பாளர்களுக்கு இது கதாசிரியர்களின் தடுமாற்றம். அன்பர்களோ விபத்தில் மனம் கலங்கிச் செய்தது என்று சமாதானம் சொல்லி அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். முதல் கதை ஒரு கறை, கடந்து போக வேண்டியது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான் இதை மறுக்கிறேன். அந்த நெடுந்தொடரில் இன்றும் உயிரோடிருப்பது முதல் கதைதான். அதைக் காண வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் வட்டாரம் ஏற்ற இடம்.

முதலில் மூலம். பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழ் தொடங்கியது 1962 அக்டோபர் 6 அன்று. அந்த முதல் இதழிலேயே கதை ஆரம்பம். எழுதத் தொடங்கியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர். பின்னர் டாம் டல்லி தொடர்ந்தார். ஓவியம் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பிரிட்டிஷ் வார இதழ்களில் அப்போது படைப்பாளிகளின் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லாததால், நம் தலைமுறை இந்தப் பெயர்களை அறியாமலே வளர்ந்தது.

நாயகன் லூயிஸ் கிராண்டேல் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வகத்தில் உதவியாள். விஞ்ஞானி பேராசிரியர்தான், இவன் கருவிகளைத் தூக்கி வைக்கிற, சொன்னதைச் செய்கிற சம்பளக்காரன். முன்பு நடந்த ஆய்வக விபத்தில் வலக்கையை இழந்தவன். இரும்புக் கையைப் பொருத்திக்கொண்டு அதே ஆய்வகத்துக்கு, அதே வேலைக்குத் திரும்புகிறான். இரண்டாவது விபத்தில் உடலில் மின்சாரம் பாய, இரும்புக் கை தவிர முழு உடலும் மறைகிறது. நாம் நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டாவது விபத்தைத்தான். பிளக்கில் விரலை வைத்தால் மறைந்துவிடலாமா என்று எண்ணாத சிறுவன் அந்நாளில் இல்லை. முதல் விபத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். கதையின் அஸ்திவாரமோ அந்த வேலையிட விபத்துதான்.

மறந்ததற்கு வாசகர்கள் மட்டும் காரணமில்லை. தமிழுக்கு வந்த விதத்திலேயே அதற்கு வழி இருந்தது. மூலத்தின் பெயர் உருக்கையும் விலங்கின் கூர்நகத்தையும் சேர்த்துச் சொல்வது. அதில் வேட்டை விலங்கின் வாடை உண்டு. தமிழ்ப் பெயர் கூர்நகத்தைக் 'கை' ஆக்கியது. அது பெரிய நன்மை என்பேன்; பிறாண்டும் உறுப்பை உழைக்கும் உறுப்பாக மாற்றியது. ஆனால் கூடவே 'மாயாவி' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தச் சொல் வேறு உலகத்தைத் திறந்துவிடும். காலப்போக்கில் 'இரும்புக்கை' உதிர்ந்து வெறும் மாயாவி மிஞ்சினான். கை போய் மாயம் நின்றது.

வெளியீட்டு வரிசையும் ஒரு காரணம். வேலியன்ட் வாசகன் வாரத்துக்குச் சில பக்கமாகப் படித்தான். கிராண்டேல் திருடனாக இருந்து, பழியைச் சுமந்து, பின்பு நிழல் படை என்ற இரகசிய அமைப்பின் உளவாளி ஆவதை ஆண்டுக்கணக்கில் அவனோடு நடந்து பார்த்தான். தமிழ் வாசகனுக்கு முதல் இதழில் கொள்ளைக்காரன். இரண்டாம் இதழான 'உறைபனி மர்ம'த்திலும் மூன்றாவதான 'நாச அலைக'ளிலும் அவன் உலகத்தின் காவலன். நடுவில் பாலம் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த மூன்றும்கூட வரிசையாகக் கைக்கு வராது. பழைய பேப்பர் கடையில் கட்டுக்கு நடுவே எது அகப்படுகிறதோ அதுதான் முதல் கதை. நான் படித்த முதல் பிரதிக்கு முன்னட்டையும் இல்லை, கடைசி நான்கு பக்கமும் இல்லை. இப்படிப் படித்தவனுக்கு மாயாவியின் மாற்றம் ஒரு கதையாகத் தெரிய வாய்ப்பே கிடையாது. அவனைப் பொறுத்தவரை மாயாவி எப்போதும் நல்லவன்; முதல் கதை மட்டும் ஏதோ பிசகு.

திருடன் காவலனாவது நம்பத் தகாதது என்ற வாதத்தைத் தமிழ் மண்ணில் வைத்துக்கொண்டு சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் ஊர் எல்லைகளில் நிற்பவர்கள் யார்? கழுவேறிய காத்தவராயன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன். அதிகாரத்தின் கண்ணில் குற்றவாளியாகி, உடல் சிதைக்கப்பட்டுச் செத்தவன் அதே ஊருக்குக் காவலாகி மீசை முறுக்கி நிற்கிறான். அவனுக்குப் படையல் போடும் நாம் அவன் பழைய குற்றத்தை மறைப்பதில்லை. கதைப்பாட்டில் விடிய விடியப் பாடுகிறோம். வெட்டுப்பட்ட கை மதுரை வீரன் கதையின் மையம். அதை நீக்கினால் தெய்வமும் இல்லை. மாயாவிக்கும் இந்த நியாயத்தைக் கொடுக்கலாம்.

இனி வட்டாரத்துக்கு வருகிறேன். முத்து காமிக்ஸ் பிறந்த அதே 1972இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் பதப்படுத்திய தோலையும் தோல் பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973 முதல் கட்டுப்பாடுகள் வந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு குழிகளில் பதனிட்ட பாலாற்றங்கரை ஊர்களுக்குள் ஸ்ப்ளிட்டிங், ஷேவிங், எம்பாஸிங் இயந்திரங்கள் பெருகின. அடுத்த இருபது ஆண்டுகளில் ஷூ கம்பெனிகள் எழுந்தன. கத்தியும் கையுமாக இருந்த தொழில் மிஷினும் கையுமாக மாறிய காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் இரும்புக் கை வைத்தவனின் கதையைப் படித்தார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாசிப்பு நடந்த களம் இது. லண்டனிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ பார்த்தால் இது தெரியாது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். கிளிக்கிங் வேலை. தோலை விரித்து, அதன்மேல் அச்சை வைத்து, பிரஸ்ஸை இறக்கி மேல்தோல் துண்டுகளை வெட்டும் வேலை அது. அச்சைச் சரிசெய்யக் கை உள்ளே போகும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. அவருக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டுப் பிரித்த பின் பொழுது போகாமல் என்னிடம் காமிக்ஸ் கேட்டு வாங்கிப் போவார். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்புவார். முதல் கதையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் மறைவதைப் பற்றிப் பேசவில்லை. "கை போயும் அதே எடத்துல வேலைக்குச் சேத்துக்கினான் பார்றா" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் கைக்கு நோவாது இல்ல?" என்றார். மாயாவியைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இவ்விரண்டு வாக்கியங்களுக்கு நிகரானது இன்னும் வரவில்லை. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அவற்றுக்கு எழுதும் உரைதான்.

முதல் வாக்கியம் வேலையைப் பற்றியது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ஒரு கை மணிக்கட்டோடு போனால் சம்பாதிக்கும் திறனில் 60 விழுக்காடு இழப்பு. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. உடலை உழைப்பாக மட்டும் அளந்து எழுதிய பட்டியல் அது. கிராண்டேலின் கதை இந்தப் பட்டியலின் மறுபக்கத்தில் நடக்கிறது. கையை இழந்தவன் பழைய இடத்திலேயே பழைய நிலையில் தொடர்கிறான். யாரும் அவனைக் கவனிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு முன்பே அவன் யார் கண்ணிலும் படாதவன்தான். உடல் மறைந்து கை மட்டும் தெரியும் காட்சியை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். முதலாளியின் கண்ணுக்குத் தொழிலாளி எப்போதும் அப்படித்தான் தெரிகிறான். அவன் முகம் நினைவில் நிற்காது, கைதான் கணக்கு. அந்தக் கை இப்போது பணத்தை எடுக்கிறது. குற்றம் சரி என்று வாதாடவில்லை. அந்தக் குற்றத்துக்கு ஒரு முன்கதை உண்டு, அது முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது என்கிறேன்.

பிளாஸ்கோவின் கோடும் இதற்குத் துணை நிற்கிறது. அவர் அந்தக் கையை மந்திரக்கோலைப் போல வரையவில்லை. மூட்டு மூட்டாக, எடையோடு, ஒரு பணிமனைக் கருவியைப் போல வரைந்தார். அந்தரத்தில் மிதக்கும்போதுகூட அது கனக்கிறது.

இரண்டாவது வாக்கியம் நோவைப் பற்றியது. அதற்கு எங்களூரில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை இங்கேதான் வளர்த்தெடுத்தார். கை மறுசீரமைப்பில் உலகம் வேலூரை நோக்கியது. அவரும் உடன் உழைத்தவர்களும் கண்டறிந்து நிறுவிய முக்கியமான உண்மை ஒன்று உண்டு. நோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தையும் கூரான பொருளையும் விடாமல் பற்றிக் காயம்பட்டுக் காயம்பட்டுக் கரைகின்றன. பிற்காலத்தில் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கை தரும் கருவிக் கையுறையைச் செய்து பார்த்தார். அது பலிக்கவில்லை. பொருத்திக்கொண்டவர்கள் எச்சரிக்கையை அசட்டை செய்தார்கள். தனக்கு வலித்தால்தான் மனிதன் கையை எடுப்பான்.

வலியற்ற கை வரம் என்று சிறுவர்களாகிய நாங்கள் நம்பினோம். வேலூர் மருத்துவம் அதை ஆபத்து என்றது. முதல் கதை சொல்வதும் அதையேதான். இரும்புக் கைக்கு எதைத் தொட்டாலும் ஒன்றுதான். கதவையும் கழுத்தையும் அது ஒரே அழுத்தத்தில் பிடிக்கிறது. கிராண்டேல் வழிதவறுவதை அந்த உணர்வின்மையின் தொடர்ச்சியாகப் படித்தால் கதை ஒருமைப்படுகிறது. மனக்கலக்கம் என்ற சமாதானம் தேவைப்படாது. பிந்தைய நிழல் படைக் கதைகளில் அந்தக் கையின் விரலுக்குள் துப்பாக்கியும் வேறு சாதனங்களும் வந்து சேர்கின்றன. கை ஆயுதப்பெட்டி ஆகிறது. அவற்றிலும் விறுவிறுப்பு உண்டு; 'நாச அலைகள்' எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் இழப்பு அங்கே இல்லை. 1960களின் பிற்பகுதியில், சூப்பர் ஹீரோ அலையில், அவனுக்கு முகமூடி உடை மாட்டியது தொடரின் மிகத் தாழ்ந்த கட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மறைந்து வாழ்பவனுக்கு உடுப்பு எதற்கு?

வார இதழ்ச் சிறுவர் கதையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பார்கள். புல்மர் தொழிலாளர் இலக்கியம் எழுத உட்கார்ந்தார் என்று நான் சொல்லவில்லை. வாரக் கெடுவுக்கு எழுதிய பரபரப்புக் கதைதான். ஆனால் தமிழில் அரை நூற்றாண்டு புழங்கிய பிரதி அதைப் படித்தவர்களுக்கும் சொந்தம். மறுமதிப்பீடு என்ற பெயரில் இன்று நடப்பது பெரும்பாலும் ஓவியத் தரம், தாள் தரம், விலை, சிறுவயது ஏக்கம் ஆகியவற்றின் கணக்கு. யார், எந்த ஊரில், என்ன வேலைக்கு நடுவே படித்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்வியைச் சேர்த்தால் குடியாத்தத்துத் தீப்பெட்டித் தொழிலாளியும் சிவகாசி அச்சகத் தொழிலாளியும் இந்தப் புத்தகத்தில் எதைக் கண்டார்கள் என்று கேட்கத் தொடங்குவோம். அவர்களும் கையால் பிழைத்தவர்கள்.

2021இல் ரெபெல்லியன் நிறுவனம் தொடக்கக் கதைகளைப் படைப்பாளிகளின் பெயரோடு ஆங்கிலத்தில் நூலாக்கியது. தமிழிலும் அப்படி ஒரு பதிப்பு வேண்டும். கதைகள் மூல வரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூல ஆண்டும், தமிழில் வந்த ஆண்டும், புல்மர், டல்லி, பிளாஸ்கோ, முல்லை தங்கராசன் பெயர்களும் இருக்க வேண்டும். முதல் இதழை வைத்திருக்கும் வாசகர்கள் அதை உறையிட்டுப் பூட்டாமல், மின்படி எடுக்க ஒரு நாள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுத்து உதவ வேண்டும். தோல் வட்டாரத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் நினைவுகளை இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள்.