எச்.ஐ.வி. மாத்திரையும் சிறுநீரகமும் – ஒரு சிறு வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் அதை வெளிப்படுத்தின. அன்று அதற்கு மருந்தே இல்லை.

1996-க்குப் பிறகு கூட்டு மருந்து வந்தது. ஆனால் ஆண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் சிப்லா நிறுவனம் அதை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே கொண்டுவந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. பின்னர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மையம் வந்ததால், டெல்டா மக்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சமானது.

அன்று பலருக்குத் தரப்பட்ட மருந்து ஸ்டாவுடின். உயிரைக் காத்தது, ஆனால் கை கால் எரிந்தது, கன்னச் சதை வற்றியது. ஊருக்கு மறைத்த நோயை முகமே சொல்லிவிட்டது! 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. அந்த இடத்துக்கு வந்தது டெனோஃபோவிர். கன்னம் வற்றவில்லை, ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை.

இதற்கும் ஒரு விலை உண்டு. இம்மருந்து சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிலருக்கு அங்குள்ள நுண்குழாய்களில் தேங்கி அவற்றைக் கெடுக்கிறது. உடலுக்குத் திரும்ப வேண்டிய பாஸ்பேட் சிறுநீரோடு போய்விடுகிறது. பாஸ்பேட் இல்லாமல் எலும்பு உறுதிப்படாது. ஆக, இடுப்பு வலிக்கு மூலகாரணம் சில நேரம் சிறுநீரகத்தில் இருக்கிறது.

டெல்டாவில் இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர்களுக்கு இடுப்பு வலி சகஜம். உடனே மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காத உடம்பில் அந்த வலி மாத்திரையும் டெனோஃபோவிரும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை.

இதற்குப் பயந்து மருந்தை நிறுத்துவது அதைவிட ஆபத்து. பெரும்பாலானோருக்கு இந்தப் பாதிப்பு வருவதில்லை. வந்தாலும் இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய எளிய சோதனைகளில் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். சிறுநீரகமும் பெரும்பாலும் தேறிவிடும்.

1986-ல் கேள்வி, பிழைப்பாரா என்பது. இன்றைய கேள்வி, முப்பது நாற்பது ஆண்டு நலமாக வாழ்வாரா என்பது. அதற்கு மாத்திரை மட்டும் போதாது, சோதனையும் வேண்டும்.