எழுத்தெண்ணும் பொறி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். மேலே போடிமெட்டைக் கடந்தால் ஏலமலைச் சரிவுகள் விரியும். அங்கு விளையும் ஏலம் கீழே வந்து ஏலம் விடப்படுகிறது. முன்னது காயின் பெயர். பின்னது போர்ச்சுகீசியர் வழியே வந்த சொல். இரண்டையும் இடமறிந்து பிரித்துணர்தல் போடிச் சிறுவனுக்கும் எளிது, கணிப்பொறிக்கோ அரிது. பொருள் கிடக்கட்டும், எழுத்தையேனும் அது சரியாக எண்ணுமா? இவ் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு.

கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகளுள் முற்பட்டவை பலவும் எண்களைக் கையாளவே பிறந்தன. சொற்களைக் கையாளப் பிறந்தவை சில. மாணவர் பலர் அவற்றின் பெயரும் கேட்டிரார். 1957 முதல் அமெரிக்காவில் விக்டர் இங்வே என்பார் மொழிபெயர்ப்பு ஆராய்ச்சிக்காகக் 'கோமிட்' என்னும் மொழியை உருவாக்கினார். 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபார்பர், கிரிஸ்வால்டு, பொலான்ஸ்கி ஆகிய மூவரும் 'ஸ்நோபால்' மொழியை ஆக்கினர். தேடவேண்டிய சொல்வடிவையும், அது கிடைத்த இடத்தில் வைக்கவேண்டிய மாற்றுச் சொல்லையும் அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம். கிரிஸ்வால்டு பின்னர் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் 'ஐகான்' மொழியையும் படைத்தார்.

ஆயினும் இவை கண்ட எழுத்து ஆங்கில எழுத்தே: ஓர் எழுத்துக்கு ஓர் எண். தமிழ் இவ் வரம்புக்குள் அடங்குவதில்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறை தமிழுக்கும் இடம் தந்தது. ஆனால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரவில்லை. 'ட' என்பதற்கு ஓர் எண். கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகளுக்கு வேறு எண்கள். எனவே 'டி' என்பது பொறிக்கு இரண்டு. போடிநாயக்கனூர் என்னும் பெயரை நாம் விரல்விட்டு எண்ணினால் 8 எழுத்து. இன்றைய கணினி மொழிகள் பலவும் 14 என்று கூறும்.

இஃது எண்ணிக்கையோடு நிற்பதன்று. ஏலக்காய் பற்றிய செய்திகளைத் திரட்ட முற்படும் மாணவர் 'ஏலம்' என்று தேடினால் 'ஏலத்தில்' அகப்படாது. சரி, 'ஏல' என்னும் ஈரெழுத்தைத் தேடுவோம் என்றால், காய்க்குச் சற்றும் தொடர்பில்லாத 'ஏலாது' என்னும் சொல்லும் வந்து நிற்கும். பொறியின் கண்ணில் 'லா' என்பது 'ல'வும் காலுமே அன்றோ!

2007-ஆம் ஆண்டளவில் முத்தையா அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைத் தொடங்கினார். 'பதிப்பி' என்று எழுதினால் விடையைத் திரையில் காட்டும். நிபந்தனையை முதலிற் கூறி, அதன்பின் 'ஆனால்' என்று எழுதவேண்டும். தமிழ் வாக்கியத்தின் நடையும் அதுவே. பலரும் வியப்பது இதனை. எனக்கோ, எழிலை ஒட்டி வளர்ந்த 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுதியே பெரிதாகத் தோன்றுகிறது. 'பைத்தான்' மொழியில் அமைந்த அத்தொகுதி சொல்லைத் தமிழெழுத்துக்களாகவே பிரிக்கும். போ, டி, நா, ய, க், க, னூ, ர் என எட்டும் முறையே வரும். அவ்வாறு பிரித்தபின் தேடினால் 'ஏலாது' விலகும், 'ஏலத்தில்' நிற்கும்.

நிற்பது காயா, விற்பனையா என்பதை அது சொல்லாது. அதற்கு அண்டையிலுள்ள சொற்களையும் பார்க்கும்படி விதி எழுதவேண்டும்: 'விட்டனர்' என வந்தால் ஒன்று, 'காய்த்தது' என வந்தால் மற்றொன்று. எழுதிப் பார்க்க விரும்பும் மாணவர், போடிச் சந்தைச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.