மனுத்தீஹா

பர்மாவில் புத்த தூபிகளின் பீட மூலையில் இது உட்கார்ந்திருக்கும். மனித முகம், சிங்க உடல். நம் நரசிம்மருக்கு நேர் எதிர். மூலையைச் சுற்றி நடந்து பார்த்தால்தான் சிற்பியின் சாமர்த்தியம் பிடிபடும்: ஒரே தலைக்கு இரண்டு பின்னுடல்கள், பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து போகின்றன. ஷ்வேடகோன் தூபியில் இவற்றைக் காணலாம்.

சொல் பாலி மொழியுடையது. மனுஸ்ஸ என்றால் மனிதன், ஸீஹ, சிங்கம். பர்மியர் 'ஸ' என்று எழுதியதை நாக்கைப் பல்லில் வைத்து 'த' போல ஒலிப்பார்கள். அதனால் மனுத்தீஹா. சோணர், உத்தரர் என்ற பிக்குகள், அரச குழந்தைகளைத் தின்ன வந்த கடல் அரக்கியை விரட்ட இந்த உருவைப் படைத்தார்கள் என்பது கதை.

அதே உச்சரிப்புக் கணக்கில் ஸீஹாசனம் அங்கே 'தீஹாதன' ஆகிறது. நம் சிம்மாசனம்தான், வேறொன்றுமில்லை. மாண்டலே மன்னர்களின் சிம்மாசனம் குமிழ் மரத்தில் கடைந்து பொன்பூசியது. இடைப்பகுதியின் சிறு மாடங்களில் குட்டிச் சிங்கங்கள் அமர்ந்திருக்கும். 1885-ல் திபோ மன்னர் வீழ்ந்தபின் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போய், 1948-ல் திரும்பியது. போனதும் ஒருவகையில் நல்லதுதான்: அரண்மனையில் இருந்த மற்ற அரியணைகள் 1945-ல் இரண்டாம் உலகப் போரில் எரிந்துபோயின.

கோயில் வாசலில் ஜோடியாக நிற்கும் முழுச் சிங்கம் வேறு. அது சிந்தே. 1943-ல் பர்மாவுக்குள் புகுந்த பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் படைக்குச் 'சிண்டிட்' என்ற பெயர் வந்தது அந்தச் சொல் திரிந்துதான்.