ஒவ்வாமைக் குருதிச் சோதனையும் பயோற்றினும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகப் புகையிரதப் பாதையில் வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே உள்ள சிறு நிலையம் றொசல்ல. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒவ்வாமை என்பது புதிய செய்தியன்று. கொழுந்து அரைபட்டு, உலர்ந்து, சலிக்கப்படும் தொழிற்சாலையில் நுண்ணிய தேயிலைத் தூசு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். இத்தூசை நுகர்வதால் ‘டீமேக்கர்’ எனப்படும் தொழிற்சாலை அலுவலருக்கு ஏற்படும் ஆஸ்மாவைப் பற்றி, இலங்கை மருத்துவர் சி. ஜி. ஊரகொட 1970இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் எழுதினார்.

அவரே 1977இல் எஸ். ஆர். கொட்டேகொடவுடன் சேர்ந்து மற்றொரு விந்தையையும் வெளிப்படுத்தினார். காசநோய்க்கு ஐசோனியசிட் உட்கொண்டோர் சிலருக்கு, சிலவகை மீனை உண்டதும் முகம் சிவந்து தலையிடி கண்டது. பார்ப்பவர் மீன் ஒவ்வாமை என்றே கொள்வர். உண்மையில், மீனில் மிகுந்திருந்த ஹிஸ்ரமினை உடல் சிதைக்கவொட்டாமல் அம்மருந்து தடுத்திருந்தது. உட்கொண்ட பொருளொன்று ஒவ்வாமையின் வேடம் புனையக்கூடும் என்பதற்கு நம் நாடு தந்த சான்று இது. இதற்கு மறுதலையாக, உட்கொண்ட பொருளொன்று உண்மையான ஒவ்வாமையை மறைக்கவும் கூடும். குருதிச் சோதனையின் வரலாற்றில் நேர்ந்தது அதுவே.

குருதியில் ஒவ்வாமையைத் தேடும் முயற்சிக்கு வித்திட்டதும் மீனே. 1921இல் ஜெர்மனியில், மீன் ஒவ்வாத கூஸ்ற்னர் என்பாரின் குருதி நீரைப் பிரௌஸ்னிற்ஸ் தம் தோலினுள் செலுத்தினார். பின் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்தத் தோல் தடித்தது. குருதியில் ஏதோ ஒன்று உண்டென்பது தெளிவாயிற்று. அது யாதென அறிய ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. 1966-67 அளவில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் ஜோஹான்சனும் பென்னிச்சும் தனித்தனியே அதனைக் கண்டனர். 1968இல் அது இமியூனோகுளோபுலின் ஈ எனப் பெயர் பெற்றது. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கெதிரான ஈ வகையை மட்டும் கதிரியக்க அடையாளத்தால் அளக்கும் முறையும் 1967இலேயே சுவீடனில் வெளியாயிற்று.

இச்சோதனையின் பெருமையே மருந்தின் தலையீடு இன்மைதான். தோலிற் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன்னர் ஹிஸ்ரமின் எதிர்ப்புக் குளிசைகளைச் சில நாள் நிறுத்தவேண்டும். குருதிச் சோதனைக்கு அத்தொல்லை இல்லை. எனினும் தோட்டப்புறங்களில் வேறொரு சிக்கல் இருந்தது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை இலங்கையில் தொடங்கியபோது, முதலில் நாடியது தோட்டத் தொழிலாளரையே. வெறுங்காலுடன் உழைத்த மக்களை அப்புழு அவ்வளவு வாட்டியிருந்தது. குடற்புழுக்களும் குருதியில் ஈ வகையை உயர்த்துவன. ஆகவே அதன் மொத்த அளவை மட்டும் கண்டு ஒவ்வாமை எனத் தீர்ப்பது இத்தகைய இடங்களில் பொருந்தாது.

பயோற்றின் இக்கதையினுட் புகுந்தது முட்டையின் வழியாக. 1927இல் இலண்டனில் மார்கரெற் போவாஸ், பச்சை முட்டை வெள்ளைக்கருவை உண்ட எலிகளுக்குத் தோல் புண்ணாகி உரோமம் உதிர்வதைக் கண்டார். 1936இல் கோகலும் தொன்னிசும் மஞ்சட் கருவிலிருந்து பயோற்றினைப் பிரித்தெடுத்தனர். பின்னரே, வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோற்றினைப் பற்றிக்கொண்டு உடலுக்குக் கிட்டாமற் செய்கிறது என்பது புலனாயிற்று. 1964இல் மண்வாழ் பற்றீரியம் ஒன்றிலிருந்து ஸ்ரெப்ரவிடின் என்னும் ஒத்த புரதமும் கிடைத்தது. உயிரியலில் அறியப்பட்ட பிணைப்புகளுள் இவற்றின் பிணைப்பு மிக உறுதியானவற்றுள் ஒன்று. ஆய்வுகூடக் கருவியாளர் அதனை விட்டுவைப்பரா?

சில சோதனை முறைகளில் ஒவ்வாமைப் பொருளோடு பயோற்றினைக் கோத்துவிடுவர். குழாய்ச் சுவரில் ஸ்ரெப்ரவிடினைப் பூசியிருப்பர். இரண்டும் பிணையும்போது, நோயாளியின் ஈ வகையும் உடன் சிக்கி அளக்கப்படும். ஆனால் நோயாளி பெருமளவு பயோற்றினை விழுங்கியிருந்தால், அவருடைய குருதியில் உள்ள பயோற்றின் சுவரின் இடங்களை முன்பே நிரப்பிவிடும். சிக்கவேண்டியவை கழுவுநீரோடு போய்விட, அளவு குறைந்து தோன்றும். நிலக்கடலை ஒவ்வாத ஒருவருக்கு ‘ஒவ்வாமை இல்லை’ என்று விடை வருமாயின், அதை நம்பி அவர் உண்ணும் ஒரு பிடி கடலை உயிருக்கே உலையாகலாம்.

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 30 மைக்கிரோகிராம் பயோற்றின் போதும். சாதாரண உணவே அதைத் தந்துவிடும். முடி, நகம் வளரவென விற்கப்படும் குளிசைகளிலோ 5,000 முதல் 10,000 மைக்கிரோகிராம் வரை உண்டு. அழகுக்காக விழுங்குவதை எவரும் மருந்தெனக் கருதுவதில்லை; ஆதலால் மருத்துவரிடம் சொல்வதுமில்லை. 2017 நவம்பர் 28இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இவ்விடரைப் பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. மாரடைப்பைக் காட்டும் துரோப்போனின் அளவு பயோற்றினாற் பொய்யாகக் குறைந்து ஒருவர் இறந்ததாகக் கிடைத்த அறிக்கையையும் அது குறிப்பிட்டது. அதன் பின்னர்க் கருவி உற்பத்தியாளர் பலர் தம் முறைகளைத் திருத்தலாயினர். இப்பிணைப்பையே பயன்படுத்தாத ஒவ்வாமைச் சோதனைகளும் உள்ளன. அவற்றுக்கு இவ்விடர் இல்லை.

எம்முறை கையாளப்படுகிறது என்பதை ஆய்வுகூடத்தாரே கூறவல்லர். அம்முறை பயோற்றினைச் சார்ந்ததாயின், மருத்துவரின் அறிவுரைப்படி குளிசையைச் சிறிது காலம் நிறுத்திவிட்டுக் குருதி கொடுத்தல் வேண்டும். பயோற்றின் விற்றமின் பி7 என்றும் விற்றமின் எச் என்றும் பெயர் பூண்டு கூட்டுக் குளிசைகளில் ஒளிந்திருப்பதும் உண்டு. குருதி எடுக்கும் நாளில் வீட்டிலுள்ள குளிசைப் போத்தலையே உடன் கொண்டுவரச் சொல்வது, பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதிலும் நன்று.