ஊர் கொடுத்த பணம்: அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் நிதி வரலாறு

சென்னையில் புற்றுநோய்க்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் பணி 1949இல் அமைப்பு வடிவம் பெற்றது. அந்த ஆண்டு இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கியது. அந்த நிதியிலிருந்து 1954இல் எழுந்ததுதான் ‘அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைக்கும் புற்றுநோய் நிலையம். இந்த நிதியின் வரலாறு பிற மருத்துவமனைகளின் நன்கொடை வரலாற்றிலிருந்து ஒரு வகையில் மாறுபட்டது. பிரசவத்துக்கோ கண்ணுக்கோ மருத்துவமனை கட்டப் பணம் கேட்டவர்கள், அந்த மருத்துவத்தால் பயன் உண்டா என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. புற்றுநோய்க்குப் பணம் கேட்டவர்களோ, நோய் குணமாகும் என்பதை முதலில் நம்ப வைக்க வேண்டியிருந்தது. அதனால் இங்கே நிதி திரட்டுவதும் நோயைப் பற்றிய அச்சத்தைப் போக்குவதும் தொடக்கத்திலிருந்தே ஒரே வேலையாக இருந்தன.

மருத்துவத்துக்கு நன்கொடை தருவது சென்னைக்குப் புதிதல்ல. 1782இல் பஞ்ச காலத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரம் கஞ்சித் தொட்டியிலிருந்து ஆதரவற்றோர் இல்லமாகவும் மருத்துவமனையாகவும் வளர்ந்தது. 1885இல் பெண்களுக்கென்று தொடங்கிய விக்டோரியா கோஷா மருத்துவமனைக்கு வெங்கடகிரி அரசர் பெருந்தொகை கொடுத்தார். அரசர்கள், ஜமீன்தார்கள், பெருவணிகர்கள் கொடுப்பதும் அவர்கள் பெயர் கல்வெட்டில் பொறிக்கப்படுவதும்தான் அக்கால வழக்கம்.

புற்றுநோய் மருத்துவம் இந்த வழக்கத்துக்கு வெளியே நின்றது. சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் 1934இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம் அரசு நிறுவனம். தெற்கே நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய இயன் ஓர், வெற்றிலை பாக்கு புகையிலை போடுவோருக்கு வாய்ப்புற்று அதிகம் வருவதைக் கவனித்து 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். பம்பாயில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு தொழில் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணத்தில் உருவானது. ஓர் அரசோ, மிஷனோ, தொழில் குடும்பமோ முன்னிற்காமல் ஒரு பெண்கள் சங்கம் புற்றுநோய் மருத்துவமனை கட்ட முனைந்தது சென்னையில்தான்.

அந்தச் சங்கத்தின் வேர் அடையாற்றில் இருந்தது. 1917இல் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாச ஆகியோரின் முயற்சியில், அன்னி பெசன்ட் தலைமையில் இந்திய மாதர் சங்கம் அங்கே அமைந்தது. பெண்களுக்கு வாக்குரிமை, கல்வி, குழந்தை மணத் தடை ஆகியவற்றுக்காக அது உழைத்தது. பல ஊர்களில் கிளைகளும் ‘ஸ்திரீ தர்மம்’ என்ற இதழும் அதற்கு இருந்தன. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி இந்தச் சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்ட மேலவைக்குச் சென்று அதன் துணைத் தலைவரானவர் அவர். தேவதாசி முறை ஒழிப்புக்காகவும் தாம் தொடங்கிய அவ்வை இல்லத்துக்காகவும் அவர் பரவலாக நினைவுகூரப்படுகிறார். புற்றுநோயின் பக்கம் அவரைத் திருப்பியது வீட்டுத் துயரம். அவருடைய தங்கை சுந்தரம்மாள் 1920களில் புற்றுநோயால் இறந்தார். மருத்துவரான அக்காள் அருகிலிருந்தும் காப்பாற்ற வழி இருக்கவில்லை. பின்னர் இங்கிலாந்தில் படித்தபோது, அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதை அவர் நேரில் கண்டார்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், சென்னைக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று அவர் பேசினார். அந்தப் பேச்சுக்கும் நிவாரண நிதிக்கும் இடையே 14 ஆண்டுகள் கடந்தன. உலகப் போரும் விடுதலையை ஒட்டிய குழப்பமும் தாமதத்துக்குக் காரணம். நோயைப் பற்றிய பொது நம்பிக்கை அவற்றைவிடப் பெரிய தடை. புற்றுநோய் வந்தால் சாவு உறுதி, அதற்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் படிக்காதவர்களிடம் மட்டும் இருக்கவில்லை. அரசின் உதவியை நாடியபோது, புற்றுநோயால் மக்கள் சாகத்தானே செய்கிறார்கள் என்ற தொனியில் பதில் வந்ததை இந்த மருத்துவமனையின் தலைவராகப் பின்னாளில் விளங்கிய மருத்துவர் வி. சாந்தா பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நோய் தொற்றும் என்ற அச்சமும், நோயாளி இருப்பது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற கவலையும் குடும்பங்களை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தன.

பெண்கள் சங்கம் இந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மார்பிலும் கருப்பை வாயிலும் வரும் புற்றைப் பற்றி ஆண்கள் நடத்தும் பொதுக்கூட்டத்தில் பேச இயலாத காலம் அது. பெண்கள் கூடும் இடத்தில் அதைப் பேசலாம். சந்தா, வீட்டுக்கு வீடு சென்று கேட்பது, கலைநிகழ்ச்சி, கச்சேரி என்று சென்னைச் சங்கங்களுக்குப் பழகிய வழிகளும் ஏற்கெனவே இருந்தன. கச்சேரி நடத்தி நிதி சேர்ப்பதற்கு அப்போது பெரும் முன்னுதாரணம் எம்.எஸ். சுப்புலட்சுமி. கஸ்தூரிபா காந்தி நினைவு நிதிக்காக 1944இல் அவர் ஐந்து கச்சேரிகள் செய்தார். டிக்கெட் வாங்குபவருக்குப் பாட்டும் கிடைத்தது, கொடுத்த நிறைவும் கிடைத்தது. இத்தகைய வழிகளில் பெருந்தொகை ஒரே கையிலிருந்து வருவதில்லை. ஆயினும் கொடுத்த ஒவ்வொருவரும் தாம் எதற்குக் கொடுத்தோம் என்று வீட்டில் சொன்னார்கள். அச்சடித்த துண்டறிக்கை எட்டாத சமையலறைக்குள் நோயின் பெயர் அப்படித்தான் நுழைந்தது.

1952 அக்டோபர் 10 அன்று ஜவாஹர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு காந்தி நகரில் அது திறக்கப்பட்டபோது இருந்தவை 12 படுக்கைகள். வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பிய முத்துலட்சுமியின் மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தி தலைமை மருத்துவர். மயிலாப்பூரில் 1927இல் பிறந்த சாந்தா 1955 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்த அவர் முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் பணியாற்றினார். பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்குமிடமும் அளிக்கப்பட்டன. 2021 ஜனவரி 19 அன்று இறக்கும் வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். நன்கொடைக் கணக்கில் வராத நன்கொடை இது. தொடக்க ஆண்டுகளில் மருத்துவர்களும் செவிலியரும் கொடுத்த உழைப்பை விலைக்கு வாங்கியிருந்தால் திரண்ட நிதி எந்த மூலைக்கும் போதுமானதாக இருந்திருக்காது.

கட்டடத்தைவிடக் கருவிகளே அதிகச் செலவு வைத்தன. 1951இல் கனடாவில் கோபால்ட்-60 கதிரியக்க மருத்துவம் தொடங்கியது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கனடாவில் தயாரான ‘எல்டொராடோ’ வகைக் கோபால்ட் கருவி அடையாற்றில் நிறுவப்பட்டது. இந்தியாவிலேயே அது முதலாவது. உடலின் ஆழத்தில் இருக்கும் கட்டியை, மேல்தோலை அதிகம் புண்ணாக்காமல் தாக்கவல்ல கதிர் அது. மருத்துவத்தோடு ஆய்வும் அப்போதே தொடங்கிவிட்டது. வாய்ப்புற்றுக்கும் வெற்றிலை, புகையிலைப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959இலும் 1963இலும் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் கட்டுரைகள் வெளியிட்டனர். நெய்யூரில் இயன் ஓர் கண்டதை, ஒரு பெருநகரத்தின் நோயாளிகளிடையே கணக்கெடுத்துப் பார்த்த வேலை அது. இந்த ஆய்வுக்குப் பெரிய கருவி தேவைப்படவில்லை. நோயாளியிடம் உட்கார்ந்து பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுதும் பொறுமைதான் முதலீடு.

1969இல் புற்றுநோய் தமிழ்நாடு முழுவதும் பேசப்படும் பெயராயிற்று. முதலமைச்சர் சி.என். அண்ணாதுரை உணவுக்குழாய்ப் புற்றுக்கு நியூயார்க்கில் அறுவை சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். நோய் மீண்டும் முற்றி, 1969 பிப்ரவரி 3 அன்று அடையாற்றில் காலமானார். முதலமைச்சருக்கே வந்த நோய் என்பதால் அதைக் குடும்பத்துக்கு நேர்ந்த களங்கமாக எண்ணும் மனப்போக்கில் ஒரு விரிசல் விழுந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் நினைவாக அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. முத்துலட்சுமி ரெட்டி அண்ணாதுரை இறப்பதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் மறைந்திருந்தார்.

1975இல் மத்திய அரசு அடையாறு நிலையத்தை மண்டலப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு இங்கிருந்து செயல்படத் தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வருகிறது என்பதை ஆண்டுதோறும் திரட்டும் பணி அது. 1984இல் புற்றுநோய் அறுவை மருத்துவத்துக்கும் மருந்து மருத்துவத்துக்கும் உயர்பட்டப் படிப்புகள் நாட்டிலேயே முதலாவதாக இங்கே தொடங்கின. 12 படுக்கைகள் 400-ஐத் தாண்டின. அரசு மானியம் வந்த பிறகும் நன்கொடையின் தேவை குறையவில்லை. நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை தருவது நிலையத்தின் வழக்கம். வசதி உள்ளவர் முழுக் கட்டணம் தர, அதோடு நன்கொடையும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு நேராகிறது.

பொதுநல விருதுகளும் இந்த நிதி வரலாற்றின் ஒரு பகுதியே. பொதுச் சேவைக்கான மகசேசே விருதை நன்கொடைக் கச்சேரிகளுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி 1974இல் பெற்றார். அதே பிரிவில் சாந்தா 2005இல் பெற்றார். தமக்கு வந்த பரிசுத் தொகைகளைச் சாந்தா நிலையத்துக்கே கொடுத்தார். 2016இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

இந்த நூற்றாண்டில் நிதி திரட்டும் கூட்டம் அரங்கிலிருந்து சாலைக்கு வந்தது. இதற்கு வித்திட்டவர் கனடா இளைஞர் டெரி பாக்ஸ். எலும்புப் புற்றால் 1977இல் வலது காலை இழந்த அவர், செயற்கைக் காலுடன் 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பின் நோய் நுரையீரலில் பரவியதால் நிறுத்தினார். 1981 ஜூனில் இறந்தார். அவர் பெயரிலான ஓட்டம் பல நாடுகளுக்குப் பரவி, சென்னையில் கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்களின் முயற்சியால் ஆண்டு நிகழ்ச்சியாக நடந்துவந்தது. புற்றுநோய் நிலையத்தின் சர்தார் படேல் சாலை வளாகம் அருகிலேயே இருக்கிறது. இந்த ஓட்டத்தில் பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டும் வரலாம்.

ஓட்டத்துக்கு ஆள் வந்த விதத்தில் நகரத்தின் மாற்றமும் தெரிகிறது. அடையாறு ஆற்றங்கரையில் உள்ள ஈக்காட்டுத்தாங்கல், 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்ததும் பட்டறைகளும் சிறுதொழிற்கூடங்களும் நிறைந்த பகுதியாயிற்று. 2000க்குப் பின் மென்பொருள் அலுவலகங்கள் வந்தன. 2015இல் மெட்ரோ ரயிலும் வந்தது. ஒரு காலத்தில் மாதர் சங்கக் கிளையிடம் இருந்த ஆள் திரட்டும் வேலையை இத்தகைய பகுதிகளில் இப்போது அலுவலகக் குழுக்கள் செய்கின்றன. சட்டைக்கும் பதிவுக்கும் கட்டும் தொகை நன்கொடையாகிறது. அலுவலகத்திலேயே நடக்கும் பரிசோதனை முகாம் அதன் தொடர்ச்சி.

பணம் அல்லாத கொடையும் பெருகியது. கீமோ மருந்தால் முடி கொட்டிய பெண்களுக்குப் பொய்முடி செய்வதற்காகச் சென்னைக் கல்லூரி மாணவிகள் கூந்தலை வெட்டிக் கொடுக்கிறார்கள். திருப்பதியிலும் பழநியிலும் முடி காணிக்கை கொடுத்துப் பழகிய ஊரில் இந்தக் கோரிக்கையை யாருக்கும் நீட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாளும், மேரி கியூரி பிறந்த நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாளும், கனடாச் சிறுமி மெலிண்டா ரோஸின் நினைவாக நோயாளிகளுக்கு ரோஜா கொடுக்கும் செப்டம்பர் 22-உம் இத்தகைய கூட்டங்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தன. குணமடைந்தவர்கள் மேடையேறித் தம் கதையைச் சொல்வது இந்த நிகழ்ச்சிகளின் மையப் பகுதி.

மக்கள் கூடுவது ஆய்வுக்கும் பயன்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை ஊர் ஊராகத் திரட்டி, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதிக்கும் எளிய முறை ஆராயப்பட்டது. பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றால் ஏற்படும் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று.

2009இல் தமிழக அரசு தொடங்கிய உயிர்காக்கும் மருத்துவக் காப்பீடும், 2012இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமானதும், ஏழை நோயாளியின் சிகிச்சைச் செலவில் கணிசமான பங்கை அரசின் பொறுப்பாக்கின. காப்பீடு சிகிச்சைக்கு மட்டுமே. வெளியூரிலிருந்து வரும் குடும்பத்தின் தங்குமிடம், பயணம், இழந்த கூலி, உடனடிப் பலன் காட்டாத ஆராய்ச்சி ஆகியவை அதில் அடங்குவதில்லை. நன்கொடை இன்று பெரும்பாலும் இந்த இடைவெளியை நோக்கியே செல்கிறது. ஆராய்ச்சிக்குத் தேவைப்படுவது பணம் மட்டுமல்ல. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட பாரதப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு, இந்திய மார்பகப் புற்று நோயாளிகள் 480 பேரின் திசு மாதிரிகளிலிருந்து தொகுக்கப்பட்டது. 1949இல் சங்கத்துப் பெண்கள் கேட்டது பணம். இப்போது நோயாளிகளிடம் ஆய்வாளர்கள் கேட்பது திசு. இரண்டுக்கும் முன்னால் வர வேண்டியது நோயின் பெயரை மறைக்காமல் சொல்லும் மனம்.