களர், உவர் நிலங்களில் தீவனப் பயிர்களுக்கான மணிச்சத்து

மண்ணிலுள்ள பாஸ்பரசில் பயிரின் வேர் எடுத்துக்கொள்ளத்தக்க வடிவில் இருக்கும் பங்கு ‘கிடைக்கும் மணிச்சத்து’ எனப்படும். மொத்த மணிச்சத்தில் பெரும்பகுதி கால்சியம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றோடு பிணைந்தும் மட்கில் ஒடுங்கியும் கிடக்க, மண்நீரில் கரைந்து நிற்கும் மிகச் சிறிய பங்கே வேருக்கு உதவுகிறது. அதுவும் நைட்ரேட்டைப் போல நீரோடு ஓடிவராமல் சில மில்லிமீட்டர் தொலைவே ஊர்ந்து செல்வதால், வேர் பரவிய அளவுக்கே பயிருக்குச் சத்து கிட்டுகிறது. ஆவியாதல் மழையை விஞ்சும் அரைவறள் பகுதிகளில் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு கெட்டுப்போன நிலங்களை உப்பு மண் என்று ஒரே பெயரால் சுட்டுவது பொது வழக்கு. ஆனால் மணிச்சத்தைப் பொறுத்தவரை அவற்றுள் களரும் உவரும் இரண்டு வேறு உலகங்கள்.

இவ்வேறுபாட்டை முதலில் முறையாக விளக்கியவர்களுள் கலிபோர்னியாவில் பணியாற்றிய மண்ணியலறிஞர் யூஜின் ஹில்கார்டு (1833–1916) முதன்மையானவர். சோடியம் குளோரைடும் சல்பேட்டும் வெண்பொருக்காகப் பூக்கும் நிலத்தையும், சோடியம் கார்பனேட்டு மட்கைக் கரைத்து மேலே கொண்டுவருவதால் நீர் வற்றியபின் காப்பி டிகாக்‌ஷன் சிந்தியதுபோல் கருங்கறை படியும் நிலத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். ஜிப்சம் இடும்போது அதிலுள்ள கால்சியம் சோடியம் கார்பனேட்டோடு வினைபுரிந்து அதன் காரத்தன்மையைப் போக்கும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். இந்தியாவில் இச்சிக்கல் கால்வாய்ப் பாசனத்தோடு பெரிதாக வெளிப்பட்டது. மேற்கு யமுனைக் கால்வாயை ஒட்டிய கர்னால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வயல்களில் உப்பு பூப்பது குறித்து உழவர்கள் முறையிட்டனர். அங்கு அவ்வுப்பு ‘ரே’ என்றும், பாழ்பட்ட நிலம் ‘ஊசர்’ என்றும் வழங்கப்பட்டது.

இன்று நிலைபெற்றுள்ள வகைப்பாடு, அமெரிக்க வேளாண்மைத் துறையின் ரிவர்சைடு உப்பியல் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட 60ஆம் கையேட்டிலிருந்து வருவது. மண்ணை நீரால் நிறைத்து வடித்த சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேலும், மண்துகள்களில் ஒட்டியுள்ள மாற்றத்தக்க சோடியம் 15 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் அது உவர்நிலம்; மின்கடத்துதிறன் 4க்குக் குறைந்து, சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டி, கார அமில நிலை 8.5க்கு மேல் ஏறினால் அது களர்நிலம். இரண்டும் மிகுந்தது களர்உவர்நிலம். கார அமில நிலைக்கு 8.5ஐவிட 8.2ஐ எல்லையாகக் கொள்வதே இந்திய மண்களுக்குப் பொருந்துகிறது. அதே 1954இல் ஸ்டெர்லிங் ஓல்சனும் உடன் ஆய்வாளரும், கார அமில நிலை 8.5இல் உள்ள சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலால் மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டனர். சுண்ணாம்பும் களரும் கலந்த மண்ணுக்கு ஏற்ற சோதனை இதுவே.

இந்தச் சோதனையைப் பண்படுத்தாத களர்நிலத்தில் செய்தால், பயிரே முளைக்காத தரையில் மணிச்சத்து மிகுந்திருப்பது தெரியவரும். கரையாத கால்சியம் பாஸ்பேட்டின் மீது சோடியம் கார்பனேட்டு செயல்பட்டு, கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்து, பாஸ்பேட்டை நீரில் கரையும் சோடியம் உப்பாக விடுவிப்பதே இதற்குக் காரணம். 1969இல் தொடங்கப்பட்ட கர்னால் மத்திய மண் உப்புத்தன்மை ஆய்வு நிறுவனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டது. ஜிப்சம் இட்டு நீர் தேக்கி வடித்த தொடக்க ஆண்டுகளில் மணிச்சத்து உரத்துக்கு விளைச்சல் கூடவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, கரைந்த பாஸ்பேட்டு கீழடுக்குக்கு இறங்கியும், பயிரால் எடுக்கப்பட்டும், ஜிப்சத்தின் கால்சியத்தோடு மீண்டும் பிணைந்தும் மேல்மண்ணில் குறைந்தது. அப்போது மேலோட்டமாக வேர்விடும் நெல்லே முதலில் உரத்தை நாடியது. ஆழவேர் கொண்ட கோதுமை கீழடுக்குச் சேமிப்பைக் கொண்டு மேலும் சில காலம் தாங்கியது.

தீவனப் பயிர்களுக்கும் இதே வேரியல் பொருந்தும். கார அமில நிலை 10ஐத் தாண்டிய தரையிலும் ஜிப்சம் இன்றி வளரும் கர்னால் புல், பாகிஸ்தானில் கல்லர் புல் எனப்படுவது, மண்ணில் ஏற்கெனவே கரைந்துள்ள பாஸ்பேட்டிலேயே வாழ்கிறது. அதன் வேர்கள் விடும் கரியமிலவாயு சுண்ணாம்பைக் கரைத்துக் களரைத் தணிப்பதால், அது வெறும் தீவனம் மட்டுமன்று, நிலச் சீர்திருத்தமும் ஆகும். பயறுவகைத் தீவனங்களான குதிரைமசாலும் பெர்சீமும் அவ்வாறல்ல. வேர்முடிச்சுகளில் தழைச்சத்தை நிலைப்படுத்த மிகுந்த ஆற்றல் செலவாவதால், மணிச்சத்துக் குறைந்தால் முடிச்சே சிறுத்துப்போகிறது.

உவர்நிலத்தில் நிலைமை தலைகீழ். உப்புச் செறிவு பாஸ்பேட்டு அயனிகளின் செயல்திறனைக் குறைக்க, மிகுந்த கால்சியம் அதைக் கரையாத உப்பாக்க, வேரும் குறுகிப்போகிறது. எனவே இங்கு மணிச்சத்து இடுவது பெரும்பாலும் விளைச்சலைக் கூட்டும். ஆனால் பயிரின் உப்புத் தாங்குதிறனை அது உயர்த்திவிடாது. ஆய்வாளர்கள் மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977இல் தொகுத்த அட்டவணைப்படி விளைச்சல் குறையத் தொடங்கும் மின்கடத்துதிறன் அருகம்புல்லுக்கு 6.9, சூடான் புல்லுக்கு 2.8, குதிரைமசாலுக்கு 2.0, பெர்சீமுக்கு 1.5 ஆகும். எல்லை கடந்த நிலத்தில் பெர்சீமுக்கு மூட்டை மூட்டையாக உரம் கொட்டுவது உழவரின் பணத்தை வீணாக்குவதே.

இந்தியாவில் உப்பால் பாதிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 67.3 லட்சம் ஹெக்டேர், அதில் 37.7 லட்சம் களர். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மணிகண்டம் வட்டாரத்தில் களர்நிலங்கள் உள்ளன. இத்தகைய நிலங்களில் தண்ணீரில் கரையாத பாறை பாஸ்பேட்டு பயன்தராது. தன்னுள்ளேயே ஜிப்சத்தைக் கொண்ட சூப்பர் பாஸ்பேட்டே சிறந்தது. அதைத் தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடிவைத்து ஊட்டமேற்றி, விதைக்கும் சாலிலேயே இடும்போது சுண்ணாம்போடு பிணைந்து வீணாகும் அளவு குறைகிறது.